மலையில் விற்காத துப்பாக்கி

பழனி மலைத்தொடரில் குடியிருப்பவர் துப்பாக்கி வாங்க நினைத்தால் மலையிறங்கித்தான் ஆகவேண்டும். உரிமம் பெற்ற கடைகள் மதுரை, திருச்சி, கோவை போன்ற நகரங்களில்தான். அமெரிக்காவில் வார இறுதிகளில் பொருட்காட்சி மைதானங்களில் மேசை போட்டுத் துப்பாக்கி விற்கிறார்கள். எந்த மாதிரி ஓடுகிறது, எது தேங்குகிறது என்று வியாபாரி அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். இந்தியாவில் அப்படியொரு சந்தைக்கு இடமில்லை. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியிலும் பொதுமக்கள் பார்க்கத்தான் முடிந்தது. இங்கே இந்த வியாபாரத்தின் ஏற்றமும் இறக்கமும் மலையின் விலங்குகளையும் அரசின் சட்டங்களையும் பொறுத்தே நடந்து வந்திருக்கின்றன.

அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் சாலையில் விருப்பாட்சி. இன்று மலை வாழைக்குப் பேர்போன ஊர். இதன் பாளையக்காரர் கோபால நாயக்கர் சுற்றுப்பாளையங்களைச் சேர்த்துக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தார், 1801-இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. மலையில் துப்பாக்கி யார் கைக்குப் போகும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் மலைமேல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளத்தை ஒட்டிய கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஆட்கள் தூக்கிய நாற்காலியிலும் மட்டக்குதிரையிலும் ஏறிய காலம் அது. 1875-இல் மதுரைவரை ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையம், இன்றைய கொடைக்கானல் ரோடு, மலைக்கு வாசலாயிற்று. வத்தலக்குண்டு வழியாக ஏறும் லா காட் சாலை 1916-இல் திறந்தது. ஏறி வந்த துரைமார்களுக்குக் காட்டுமாடும் வரையாடும் சாம்பார் மானும் பொழுதுபோக்கு. சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரம் விற்ற பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தன் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளையும் விற்றது. புலிக்கும் சிறுத்தைக்கும் அரசே பரிசுப் பணம் கொடுத்த நாட்களில் தோட்டா விற்பவருக்குக் கவலை இருந்திருக்காது. 1895-இல் தொடங்கிய செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் விலங்குகளின் முன் சற்று நின்றால், இந்த மலையில் எவையெல்லாம் திரிந்தன என்பது தெரியும்.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்காரர் என்ற வாடிக்கையாளர் இல்லாமல் போனார். மிஞ்சியவர் விவசாயி. 1959-இன் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குத் தனியாக இடம் வைத்திருக்கிறது. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ அடைத்து, கம்பியால் குத்தி இறுக்கி, அதன்மேல் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, அவை உருண்டு விழாதபடி மறுபடி அடைத்து, பின்புறக் காம்பில் கேப் மாட்ட வேண்டும். மழைத்தூறலில் மருந்து நமுத்துவிட்டால் அத்தனையும் வீண். பூண்டியிலோ மன்னவனூரிலோ மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவருக்கு, ஒரே ராத்திரியில் பாத்தியை உழுதுவிட்டுப் போகும் காட்டுப்பன்றிக்கு எதிராகக் கையில் கிடைத்த கருவி இவ்வளவுதான். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்தியும், பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் வெடித்து மாடு வாய் சிதறிய செய்தியும் நாளிதழ்களின் திண்டுக்கல் பதிப்புகளில் அடிக்கடி வருவதற்கு இந்தப் பன்றியும் ஒரு காரணம், கறியாசை இன்னொன்று.

முறையான விற்பனைக்குப் பெரிய தடை விழுந்தது 2013-இல். அந்த ஆண்டு 608.95 சதுர கி.மீ. பரப்பு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன்னிசைவில்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் தரக் கூடாது. ஏற்கெனவே உரிமம் உள்ளவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மலையூர்களைக் காடு சூழ்ந்திருப்பதால் இந்த வட்டத்துக்கு வெளியே போவது கடினம். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி விவசாயிக்கு இது ஓரளவு ஆறுதல். மேல்மலைக்காரருக்கு 3 கி.மீ. தள்ளிப் போனால் அடுத்த காடு வந்துவிடும். சுடுவதும் அரசின் துப்பாக்கி என்பதால் கடைக்காரருக்கு இதில் ஒரு தோட்டா வியாபாரமும் கிடையாது.

ஆகவே சமவெளிக் கடைகளின் வரும்படி வேறு வகைகளில். நகைக்கடைக்கும் வங்கிக்கும் காவல் நிற்கும் முன்னாள் ராணுவத்தினருக்குப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல். கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. ஸ்பிரிங் மாற்றுவது, கட்டைக்குப் பாலிஷ் போடுவது. 1980-களில் இறக்குமதி அடைபட்டதால் தாத்தா விட்டுப்போன வெப்லி ஸ்காட்டுக்கும் கிரீனருக்கும் புதுத் துப்பாக்கியைவிட மதிப்பு அதிகம். 1966-இல் நிறுவப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் பம்ப் ஆக்ஷன் துப்பாக்கி பக்கத்திலேயே கிடைத்தும், பழைய இங்கிலீஷ் குழலின் மேலுள்ள மோகம் குறையவில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தபோது மூன்றாவதைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. தேர்தல் வந்தாலும் ஒப்படைப்புதான். அமெரிக்க வியாபாரிக்குச் சட்டம் இறுகுமோ என்ற பயம் கிளம்பும் தேர்தல் ஆண்டு கொள்ளை வியாபாரம். இங்கே அதே தேர்தல் துப்பாக்கியைப் பூட்டிவைக்கிறது.

மலைமேல் தடையின்றி நடக்கும் துப்பாக்கி வியாபாரம் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மே மாதக் கோடை விழாவிலும், கீழே பழனியில் தைப்பூச, பங்குனி உத்திரக் கடைகளிலும்தான். பலூன் சுடும் தட்டியில் காற்றுத் துப்பாக்கியை முழங்காலில் வைத்து மடக்கிக் கடைக்காரரே குண்டு போட்டுத் தருவார். குறிமுள் சற்றே சாய்ந்திருப்பதை ஊரறியும். பொம்மைக் கடையில் சிவகாசி ரோல் கேப் போட்ட தகரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் சோப்பு நுரை ஊதும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் வந்து உட்கார்ந்துவிட்டது. பெற்றோருக்குச் சத்தமில்லாத பொருள்மேல் விருப்பம்.

உண்மையான கடைகளுக்கு நம்பிக்கை தரும் வாடிக்கையாளர் விளையாட்டு வீரர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளும் மதுரை ரைபிள் கிளப் போன்ற இடங்களில் பயிற்சியைத் தொடங்கிவிட முடிகிறது. இவர்கள் கேட்பது வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைபிள்களையும், டப்பா டப்பாவாக ஈயக் குண்டுகளையும், அட்டை இலக்குகளையும்தான்.