கையொப்பம்

மலாக்காவில் என் பள்ளியில் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர், சிறப்புக் கல்விக்கு மாறிச் செல்ல விரும்பி விண்ணப்பத்துடன் வந்து நின்றார். கணிதத்தில் வல்லவர், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவரைச் சுற்றியே இருப்பர். "நன்றாக எண்ணிப் பார்த்தீரா?" என்றேன். "பார்த்துவிட்டேன், ஐயா" என்றார். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கையொப்பமிட மனம் வரவில்லை.

அன்றிரவு, எப்போதோ படித்த ஆய்க்குடி நினைவுக்கு வந்தது. தென்காசிக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தவர் இராமகிருஷ்ணன். 1975இல் பொறியியல் மாணவராய்க் கடற்படைத் தேர்வுக்குச் சென்றபோது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1992இல் அவருடன் சேர்ந்தார் சங்கரராமன், பட்டயக் கணக்காளர், தாமும் தசைச்சிதைவு நோய்க்கு ஆளானவர். சென்னையில் நடத்திவந்த தொழிலை விட்டு அச்சிற்றூருக்குப் போனார். கணக்கறிந்த கை அங்கே தேவைப்பட்டிருக்கும். இரக்கம் மட்டும் ஒரு நிறுவனத்தை நடத்துமா?

நானோ? பல ஆண்டுகளுக்கு முன், அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தேன். பால்மரம் வெட்டும் தாய் ஒருத்தி, பேச்சு வராத தன் மகனை அழைத்து வந்தாள். "இவனுக்குக் கற்பிக்க இங்கே ஆசிரியர் இல்லையம்மா" என்றேன். சொன்னது உண்மைதான். எங்கே போகலாம் என்று விசாரித்துச் சொல்ல மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவள் மறுபேச்சின்றி, செம்மண் சாலையில் அவனைக் கைப்பிடித்து நடத்திச் சென்றாள்.

மறுநாள் காலை கையொப்பமிட்டேன். வேறு ஆசிரியர் வரும்வரை ஆறாம் ஆண்டுக் கணிதத்தை நானே நடத்துகிறேன்.