அஞ்சும் உயிருக்கு அடைக்கலம்

அடைக்கலம் புகுந்த உயிரைக் காத்தல் பேரறம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் அடைக்கலம் என்பது கொடுப்பார் கருத்தில் ஒன்றாயும், பெறும் உயிரின் கருத்தில் வேறொன்றாயும் இருத்தல் கூடும். காக்க வந்த கையையே கொல்ல வந்த கையென்று ஓருயிர் கருதுமாயின் அதனைக் காப்பது எங்ஙனம்? இங்கிலாந்தின் வடபால் யார்க்ஷயரில் வாழும் ஓர் அம்மையார்க்கு இவ்வினா ஒரு நாயின் வாயிலாக எழுந்தது.

அந்நாய் பிறந்தது ருமேனியாவில். அந்நாட்டுத் தெருநாய்களின் வரலாறு இரங்கத்தக்கது. 1980-ஆம் ஆண்டுகளில் சவுசெஸ்கு ஆட்சியில் புக்கரெஸ்ட் நகரின் பழைய குடியிருப்புகள் பல இடித்துத் தள்ளப்பட்டன. முற்றமுடைய வீடுகளில் வாழ்ந்தோர் அடுக்குமாடிகளிற் குடியேற்றப்பட்டனர். முற்றத்திற் காவல் கிடந்த நாய்களோ தெருவில் விடப்பட்டுப் பல்கின. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அந்நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தெருநாய்களாற் கடியுண்டு இறந்தான். அதன்பின், பிடிபட்ட நாயைக் குறித்த நாளுக்குள் எவரும் ஏற்காவிடின் கொல்லலாம் என்னுஞ் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. நாய்க்கு இரங்குவோர் சிலர் அச்சிறுவனைப் பெற்றாரின் துயரை மறந்தே பேசுகின்றனர்; அது நன்றன்று.

இவ்வாறு சாவுக்குக் குறிக்கப்பட்ட நாய்கள் பல மோட்டார் வண்டிகளில் ஏற்றப்பெற்று, 2,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து இங்கிலாந்தை அடைகின்றன. வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் 21 நாட் காத்திருப்பு, நாடாப்புழு மருந்து ஆகியவை பயணத்துக்கு முன்னரே முடிதல் வேண்டும். மனிதரையும் பற்றத்தக்க புருசெல்லா கேனிஸ் என்னுந் தொற்றுண்டோ எனக் குருதியை ஆராய்ந்தறிதலும் அறிவுடையார் செயல். இவையெல்லாம் உடம்பைப் பற்றியன. உள்ளத்தின் அச்சத்துக்குச் சான்றிதழ் தருவார் யாருமில்லை.

அம்மையார் பெற்ற நாய்க்கு லூனா என்று பெயர்; ருமேனிய மொழியிலே அது திங்களைக் குறிக்கும். மெத்தென்ற படுக்கையும், விளையாட்டுப் பொருள்களும், அணைக்கத் துடிக்கும் இரு கைகளும் அதன் வரவை நோக்கியிருந்தன. வந்த நாயோ சோபாவின் பின்னே புகுந்து சுவரோடு சுவராய் ஒடுங்கிற்று. எவரேனும் நோக்குங்கால் உண்ணாது; நள்ளிரவில் வீடு அடங்கிய பின்னரே கலத்தில் வாய் வைக்கும். அம்மையார் குனிந்து, முகத்தோடு முகம் வைத்து, இன்சொற் கூறுவார். நேர்நோக்கும் மேலே கவிதலும் நாய்களிடத்து அச்சுறுத்தலின் குறிகள் என்பதை அவர் அன்று அறிந்திலர். அன்பு செய்வதாக எண்ணி அவர் செய்ததெல்லாம் அதற்கு வாதையாகவே முடிந்தது.

காவலுக்குரியன அவரிடம் இல்லாமலில்லை. அஞ்சிய நாய் முன்னோக்கி இழுப்பதைவிடப் பின்னோக்கி நழுவுவதே மிகுதி. அப்போது கழுத்துப்பட்டையும் மார்புவாரும் தலைவழியே கழன்றுவிடும். ஆதலின் வயிற்றின் குறுக்கே மூன்றாவது பட்டையுடைய மார்புவாரும், தனியே ஒரு கழுத்துப்பட்டையும், இரண்டிற்கும் வெவ்வேறு கயிறும் வேண்டும். அவ்விரண்டும் அவர் வாங்கியிருந்தார். தோட்டத்து வேலி ஆறடி. பெயரும் முகவரியும் பொறித்த தகடு, பொதுவிடத்திற் செல்லும் நாய்க்கு அந்நாட்டுச் சட்டம் விதித்தபடி, கழுத்திலே இருந்தது. தோலின்கீழ் மைக்ரோசிப்பும் உண்டு. அது நாய் இருக்குமிடத்தைக் காட்டும் எனப் பலர் மயங்குவர். அஃதோர் எண்ணையே தரும். பதிவேட்டில் புதிய முகவரி ஏறாவிடின் அவ்வெண்ணாற் பயனில்லை. ஒன்றுதான் தவறிற்று. வெளிக்கதவைத் திறக்குமுன் உட்கதவைச் சாத்துதல் வேண்டும் என்பது.

ஒன்பதாம் நாள் மாலையிற் பார்சல் கொணர்ந்தான் ஒருவன் மணியை அழுத்தினான். அம்மையார் கையொப்பமிடக் குனிந்தார். கால்களின் இடையே பழுப்பு நிறமாக ஏதோ ஓடிற்று.

அவர் பெயர் சொல்லி அலறிக்கொண்டு பின்னே ஓடினார். ஒன்பது நாள் மட்டுமே கேட்ட பெயர், அதுவும் அலறலாய் வந்தது. துரத்தும் காலடியோசை ஒன்றே அவ்வுயிருக்குப் பொருள்பட்டது. வயல்களுக்கு அப்பால் அது மறைந்தது. அவ்வயல்களுக்கு அப்பாலிருந்ததோ இருப்புப்பாதை.

காணாமற்போன நாய்களைத் தேடிப் பழகிய ஒருவர் அன்றிரவு வந்து கூறியவை அம்மையார்க்குக் கொடுமையாகவே தோன்றின. "தேடாதீர்கள், கூவாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள்" என்றார் அவர். அச்சம் முற்றிய நாய் தன்னை வளர்த்தாரையும் அறியாது ஓடும் என்பதும், துரத்துந்தோறும் சாலைக்கும் இருப்புப்பாதைக்குமே அது விரட்டப்படும் என்பதும், விடாதிருப்பின் ஓடிய இடத்தைச் சூழ்ந்தே அந்தியிலும் வைகறையிலும் நடமாடக்கூடும் என்பதும் அவர் பட்டறிந்தவை. தோட்டத்து வாயிலைத் திறந்து வைத்து, அம்மையார் உடுத்துத் துவைக்காத கம்பளிச் சட்டையும், மணமிக்க இறைச்சியும், தானே படம்பிடிக்குங் கருவியும் அங்கு வைக்கப்பட்டன.

ஓருயிர் இருளிற் குளிரில் அலைய, அதனைக் கூவியழைக்கவும் ஒண்ணாது உள்ளேயிருத்தல் எளிதோ? அம்மையார் விளக்கணைத்து மாடியிற் சாளரத்தருகே அமர்ந்திருந்தார். மழை பெய்தது. இரயில்வண்டி செல்லும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார். மூன்றாம் இரவு கருவியில் ஒரு நரி; நான்காம் இரவு இரண்டு கண்கள், சட்டையை முகர்ந்த ஒரு மூக்கு. அதன்பின் உணவு சிறிது சிறிதாகக் கூட்டினுள் நகர்த்தப்பட்டது. ஆறாம் நாள் வைகறையில் கூட்டின் கதவு விழுந்தது. உள்ளே லூனா, மெலிந்து, சேறாய், உயிரோடு இருந்தது.

அம்மையார் கூட்டினருகே சென்று, முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்தார். பேசவில்லை, கை நீட்டவில்லை.

அதன்பின் வீட்டில் உட்கதவு சாத்தாமல் வெளிக்கதவு திறந்ததில்லை. வருவோர் எவரும் நாயை நோக்கவும் கூடாது என்பது விதியாயிற்று. இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமோ என நகைத்தாரும் உளர். கார்காலம் கழிந்து ஏழாந் திங்களில் ஒருநாள், அம்மையார் தேநீர்க் கிண்ணத்தோடு நூலொன்று படித்திருக்கையில், சோபாவின் பின்னிருந்து வந்த நாய் அவர் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்தது. அவர் ஏட்டைப் புரட்டவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

வாயிலருகே இரண்டு கயிறுகளும் இன்றும் தொங்குகின்றன.