நரகாசுரனைப் பெற்றவள்

ஐப்பசி பிறந்துவிட்டால் வத்தேகமக் கடைவீதிக்கு ஒரு புதுக்களை வந்துவிடும். சுற்றுப்புறத் தோட்டங்களினின்று இறங்கிவரும் எம்மவர் புடவைக் கடைகளில் மணிக்கணக்காய் நின்று, சிறுவர்க்குச் சட்டையும் பெரியோர்க்கு வேட்டி சேலையும் தெரிந்தெடுப்பர். கையிலுள்ள பணமோ பெரும்பாலும் தோட்டத்திற் பெற்ற தீபாவளி முற்பணம். பண்டிகை ஒருநாளிற் கழிந்துவிடும். கடனோ மாதந்தோறும் சம்பளத்திற் கழியும். இத்துணை வருத்தத்தோடு கொண்டாடப்பெறும் இப்பண்டிகைதான் எங்கிருந்து வந்தது?

வடநாட்டார் இதனை இராமபிரான் அயோத்தி திரும்பிய நாளென்பர். சமணர்க்கு இது மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறடைந்த நாள். வங்காளத்தில் அன்றிரவு காளி பூசை. சங்க நூல்களில் தேடும் மாணவர்க்குக் கார்த்திகை விளக்கீடு கிடைக்குமேயன்றித் தீபாவளி கிடைக்காது. விளக்கு வரிசை என்று பெயரிருந்தும், தமிழர் இல்லங்களில் அன்று முதன்மை பெறுவது விடியற்காலை எண்ணெய் முழுக்கே. ஐப்பசி மழையில் எம் லயத்து வாசலில் அகல் ஏற்றிவைத்தாலும் அது நிற்பதெங்ஙனம்!

அம்முழுக்குக்குக் காரணமாகச் சொல்லப்படுவது நரகாசுரன் கதை. அவன் பூமிதேவியின் மகன், பிராக்ஜோதிடத்தை ஆண்டவன், அதிதியின் குண்டலங்களைக் கவர்ந்தவன், பதினாறாயிரம் மகளிரைச் சிறைவைத்தவன். பாகவதத்தில் கண்ணனே சக்கரத்தால் அவன் தலையைக் கொய்கிறான். பூமிதேவி குண்டலங்களைத் திருப்பியளித்து, தன் பேரன் பகதத்தனைக் காத்தருளுமாறு வேண்டி நிற்கிறாள். நம் நாட்டுச் செவிவழிக் கதையோ இன்னும் கொடிது. அதில் பூமிதேவியே சத்தியபாமையாய்ப் பிறந்து, பெற்ற மகன்மேல் தானே அம்பெய்கிறாள். அவன் இறந்த நாளை உலகத்தார் மகிழ்ந்து கொண்டாட வேண்டுமென வரமும் கேட்கிறாள். அவ்வரத்தைக் கேட்டவன் நரகாசுரனே என்று கூறுவாரும் உளர்.

எம் அப்பாயி இரண்டாவதை ஒருநாளும் ஒப்பியதில்லை. "சாகப் போறவனுக்கு ஊரு சிரிக்கிறதைப் பத்தி என்ன கவலை? பெத்தவதான் கேட்டிருப்பா" என்பார். புராணம் கற்றோர் இதனை ஏற்பரோ அறியோம். எமக்கு அதுவே பொருத்தமாய்ப் படுகிறது. தன் வீட்டுத் துயரம் பிறர் வீட்டு அடுப்பை அணைத்துவிடலாகாது என்று ஒரு தாய் நினைத்தாள் என்பதைவிட இப்பண்டிகைக்கு வேறு பொருள் வேண்டுமா?

அவர் அவ்வாறு பேசியதற்குக் காரணம் இருந்தது. 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த எம்மவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டனர். அடுத்த வாரமே தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொண்ட தலைகளில் எது எந்தக் கணக்கிற் சேரும் என்று அன்று எவர்க்கும் தெரியாது. எம் வீட்டில் சித்தப்பா இந்தியக் கணக்கிற் சேர்ந்தார். 1973இல் கண்டிப் புகையிரத நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். அழுகுரலோடு புறப்பட்ட அவ்வண்டிகளை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். தலைமன்னாரிற் கப்பலேறிய அவர் நீலகிரியில் கோத்தகிரியை அடைந்து மீண்டும் தேயிலைக்கே போனார்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு அப்பாயி துக்கங் காப்பார் என்றே எண்ணியிருந்தோம். அவரோ வழக்கம்போல் நான்கு மணிக்கே எம்மை எழுப்பி, நல்லெண்ணெயைச் சுடவைத்து உச்சியில் வைத்தார். ஆட்டிறைச்சிக் குழம்பும் குறைவின்றி வெந்தது. முற்பணத்தில் வாங்கிய துணிகளுள் ஒரு வேட்டி மிகுந்திருந்தது. அதன் முனையில் மஞ்சள் தடவிச் சாமி படத்தின்முன் சிறிது நேரம் வைத்துவிட்டு, தகரப் பெட்டியில் மடித்து வைத்தார். ஆண்டுதோறும் அவ்வாறே செய்தார். வீண் செலவென்று எம் தந்தையார் முணுமுணுத்ததுண்டு, தடுத்ததில்லை.

1984இல் அப்பாயி காலமானார். பெட்டியைத் திறந்தபோது பதினொரு வேட்டிகள் இருந்தன. தலைமன்னார்க் கப்பலும் அவ்வாண்டே நின்றுபோயிற்று.