இருபத்தாறாம் படி

சுவாமிமலையில் முருகன் சந்நிதிக்கு ஏறும் படிகள் 60. பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் ஆண்டுகளின் அடையாளம் அவை. கும்பகோணத்தில் வாழும் அந்த அம்மையார் பிறந்தது நந்தன ஆண்டில். கிருத்திகைதோறும் மலையேறுகையில் நந்தனத்துக்குரிய 26ஆம் படியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அவருடைய நெடுநாள் வழக்கம். 72ஆம் வயதில், ஒரு கிருத்திகையன்று, தொடக் குனிந்தவர் அப்படியே அமர்ந்துவிட்டார். மயக்கமில்லை, வலியில்லை, எழுவதற்குத் தொடையில் வலு இல்லை, அவ்வளவே. இருவர் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினர். “இனி வர வேண்டாம் என்கிறான் போலிருக்கிறது” என்று மருமகளிடம் சொன்னவர், அதன்பின் அன்று முழுதும் பேசவில்லை.

மருத்துவர் குருதியைச் சோதித்தார். சர்க்கரை இல்லை, சிறுநீரகத்தில் பழுதில்லை. பிறகு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். இயலவில்லை.

“என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?”

காலையில் காபி, நண்பகலில் சிறிது ரசம் சாதம், இரவில் ஓர் இட்லி, சில நாள் வெறும் மோர். கணவர் மறைந்தபின் தாமே குறைத்துக்கொண்ட உணவு அது. குறைவாக உண்பதையே ஒரு நோன்பாக எண்ணியிருந்தார். அவ்வாறு எண்ணும் முதியவர் இல்லாத வீடு அரிது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தசை நாள்தோறும் சிறிது சிதைந்து, உணவிலுள்ள புரதத்தால் மீண்டும் கட்டப்படுகிறது. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவுதான் தர வேண்டும். முதுமையில் பசி குறைகிறது; தேவையோ குறைவதில்லை. இளையவரின் தசை சிறிதளவு புரதத்திற்கே விழித்துக்கொள்ளும். முதியவரின் தசைக்கு ஒவ்வொரு வேளையும் சற்றுக் கூடுதலாக வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோருக்குச் சொல்லப்படும் அளவு. 48 கிலோ எடையுள்ள அவருக்கு ஏறத்தாழ 50 கிராம். அவர் உண்டதில் கால் பங்கும் தேறவில்லை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது, தம் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.)

மகன் புரதமாவு டப்பா ஒன்றை வாங்கி வந்தார். அதன் மூடி திறக்கப்படவே இல்லை. வற்புறுத்தினால், “பசியில்லை” என்பதே விடை. வழி கண்டவள் மருமகள். அம்மையார் எதை மறுத்தாலும் பிரசாதத்தை மறுத்ததில்லை.

மறுநாள் காலை பூஜையறை முருகனுக்கு வெண்பொங்கல் நைவேத்தியமாயிற்று. அரிசிக்குச் சரிபாதியாகப் பயத்தம்பருப்பு. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றது நிரப்பிவிடும். மடைப்பள்ளிகள் இந்தப் பெயர்களை அறியாமலே அந்தச் சேர்க்கையைக் காலங்காலமாகச் செய்து வந்திருக்கின்றன. மாலையில் சுண்டல்: ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை. 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. நண்பகலில் கெட்டித் தயிர்; இரவில் ஒரு தம்ளர் பால். ஒரு நாள் பனீரும் வந்தது. “இது எந்த ஊர்ப் பிரசாதம்?” என்று கேட்டுவிட்டு உண்டார்.

கிருத்திகை விரதத்தை விடும்படி மருத்துவர் சொல்லவில்லை. அன்று பாலும் தயிரும் விலக்கில்லையே என்று மட்டும் கேட்டார். உண்டால் மட்டும் போதாது, தசையை வேலை வாங்க வேண்டும் என்று காலையும் மாலையும் பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமரச் சொன்னார். முதல் வாரம் கைப்பிடியை ஊன்றித்தான் எழ முடிந்தது. எழும்போது ‘சரவண’, அமரும்போது ‘பவ’ என்று அதை ஜபமாக்கிக்கொண்டபின் எண்ணிக்கை பத்தோடு நிற்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு கிருத்திகை. 26ஆம் படியை மருமகள் தொட்டு, மாமியாரின் கண்ணில் ஒற்றினாள். இடையில் மூன்று முறை நின்றார், அறுபதையும் ஏறினார். தீபாராதனை முடிந்து இறங்குகையில் மருமகளின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“நாளைக்குக் கொண்டைக்கடலையை இன்னும் இரண்டு விசில் விடு. அவனுக்குப் பல் இருக்கிறது, எனக்கில்லை.”