ஒரு சைஸ் பெரிய டயர்

"அண்ணன், ஆகப் பெரிசா எது போடலாம்?" கெப் வைத்திருக்கிற தம்பிமார் டயர் தேய்ந்ததும் கேட்கிற கேள்வி இது. கதிரவெளியில் இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிழக்கே கடற்கரை முழுக்கக் கால் புதையும் மணல். மேற்கே வயலும் பற்றைக்காடும் கடந்து கட்டுமுறிவுப் பக்கம் திரும்பினால் மாரியில் களிமண் சேறு, கோடையில் கிடங்கும் புழுதியும், இருட்டினால் யானை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருக்கிற பழைய கெப்பையே பேணி ஓட்ட எல்லோரும் பழகிவிட்டார்கள். வாகனத்தை மாற்ற வழியில்லாதவன் டயரையாவது மாற்றிப் பார்ப்பான்.

நான் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். கம்பனி றிம்மைக் கழற்றாதே, ஒரு சைஸ் மட்டும் கூட்டு, எல்லாத் தரைக்குமான ஓல்-டெரெயின் டயர் வாங்கு, காற்றைக் குறைக்கப் பழகு. இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஹைலக்ஸ் கெப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 17 அங்குல றிம்மோடு வருகிற பலவற்றில் கம்பனி பூட்டி விடுவது 265/65R17. அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், அதாவது 172 மில்லிமீற்றர். றிம்மையும் சேர்த்தால் முழு உயரம் 776. இதே றிம்மில் 265/70R17 ஏற்றினால் பக்கச்சுவர் 185 ஆகிறது, முழு உயரம் 803. வண்டி நிலத்திலிருந்து எழும்புவது கூடிய உயரத்தில் பாதிதான்: 13 மில்லிமீற்றர். இதற்கா இவ்வளவு காசு என்று கேட்பார்கள். காசு கொடுப்பது வண்டி உயர்வதற்காக இல்லை, அந்தப் பக்கச்சுவருக்காக. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தம்பிமாரின் கண் இருப்பது 285/70R17-இல். முழு உயரம் 831. பார்வைக்கு வண்டி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஆனால் அந்த டயருக்கு உகந்த றிம் அகலம் 7.5 அங்குலத்திலிருந்துதான் தொடங்குகிறது. கம்பனி றிம் 7.5. ஆகக் குறைந்த எல்லையில் போய் நிற்கிறது. பக்கம் பிதுங்கும், காற்று கொஞ்சம் கூடிவிட்டால் நடுப்பகுதி முந்தித் தேயும். ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டின் உள்தகட்டில் உரசும். உரசுகிறதே என்று வெளியே தள்ளி நிற்கிற அகல றிம் வாங்குவார்கள். அதோடு உட்பக்க உரசல் நிற்கும். வெளிப்பக்கம் பம்பர் மூலையிலும் மட்ஃப்ளாப்பிலும் தொடங்கும். பாரம் பெயரிங்கை விட்டு வெளியே தள்ளிப் போவதால் பெயரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். ஒரு செலவு இன்னொரு செலவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். கம்பனி றிம்மில் அதற்கேற்ற டயரை ஏற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அந்த வண்டியின் அச்சுக்கும் ஸ்டேரிங்குக்கும் கணக்குப் பார்த்துச் செய்த றிம் அது. அதில் ஏறுகிற டயரைத் தேடுவதே புத்தி.

இப்போது மணலுக்கு வருவோம். இரண்டு தொன் எடையுள்ள கெப் என்றால் ஒரு சில்லுக்குச் சுமார் 500 கிலோ. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்த 500 கிலோவைத் தாங்க நிலத்தில் ஏறக்குறைய 220 சதுர சென்ரிமீற்றர் படிய வேண்டும். பக்கத்துக்கு 15 சென்ரிமீற்றர் உள்ள ஒரு சதுரம், அவ்வளவுதான். காற்றை 16-க்கு இறக்கினால் அது இரட்டிக்கும். பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் உண்மையில் கணக்குச் சற்று முன்பின் வரும்; ஆனாலும் விசயம் இதுதான். நிலத்தில் எவ்வளவு படிகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற காற்று. டயர் பெரிதாவதால் மட்டும் அது அவ்வளவாகக் கூடாது. 32 வைத்த பெரிய டயரும் மணலில் புதையும், 32 வைத்த சின்ன டயரும் புதையும்.

பக்கச்சுவரின் வேலை இங்கேதான். காற்றை இறக்கும்போது டயர் மடிந்து நீளவாக்கில் படிகிறது. மடிவதற்கு உயரம் வேண்டும். 172-ஐ விட 185 அதிகம் மடியும், மடிந்தும் றிம் கல்லில் அடிபடாமல் இருக்கும். ஈர மணலில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். காற்று முழுதாக இருக்கையில் பதிகிற தடம் ஆழமாக, இரு ஓரமும் வெட்டினாற்போல் இருக்கும். இறக்கியபின் அதே இடத்தில் ஓட்டினால் தடம் ஆழம் குறைந்து, பூக்கட்டு ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி மேலாகப் பதிந்திருக்கும். முன்னது மணலைத் தோண்டிய தடம், பின்னது மணலின் மேலே போன தடம்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்கிற உழவு மெசின்காரருக்கு இதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்து வந்த அறிவில்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய ஜீப் ஒன்று அச்சு வரை புதைந்து, அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கிக்கொண்டிருந்தபோது, வாடிப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் சொன்னது எனக்கு மறக்காது: "மண்ணோட மல்லுக்கட்டாத மனே. காத்த இறக்கு." நான்கு சில்லிலும் வால்வு மூடியைக் கழற்றி ஈர்க்குக் குச்சியால் அழுத்திக் காற்றை விட்டார்கள். சில்லுக்கு முன்னால் மண்ணைக் கையால் வாரிவிட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுத்ததும் வண்டி தானாக ஏறி வந்தது. ஒருவரும் தள்ளவில்லை.

உலகத்துக்கும் இந்தப் பாடம் மணலில்தான் கிடைத்தது. பிரித்தானிய இராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னோல்ட் 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்ட் கார்களைக் கொண்டு லிபியப் பாலைவனத்தைக் கடந்தவர். அவர் கையாண்ட வழிகளில் டயர் காற்றைக் குறைப்பதும் ஒன்று. 1940-இல் எகிப்தில் அவர் அமைத்த தொலைதூரப் பாலைவனப் படையின் லொறிகளும் அப்படித்தான் ஓடின. 1942-இல் அமெரிக்கா செய்த டக் என்ற நீர்நில லொறிக்கு, சாரதி இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. கடலிலிருந்து கரையேறுகிற வண்டிக்கு முதலில் தேவைப்படுவது அதுதான் என்று அதைச் செய்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

இறக்குவதிலும் அளவு இருக்கிறது. 18-க்கு இறக்கினால் எங்கள் கடற்கரையில் பெரும்பாலும் போதும். 15-க்குக் கீழே போனால், வேகமாகத் திருப்பும்போது பீட் என்கிற விளிம்பு வளையம் றிம்மை விட்டு நழுவலாம். வீதிக்கு ஏறியதும் காற்றடிக்காமல் போவது மணலில் புதைவதைவிட மோசம். தளர்ந்த டயர் ஓட ஓடச் சூடேறி வெடிக்கும். ஆகவே 12 வோல்ட் பம்ப் ஒன்று வண்டியில் கிடக்க வேண்டும். பெரிய டயருக்கும் சின்ன டயருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைவிட அந்தப் பம்ப் மலிவு.

டயர் ஏற்றுகிற இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். வாழைச்சேனைக் கடையொன்றில் ஒரு பொடியன் ஏற்றுவதைப் பார்ப்பதே எனக்குச் சந்தோசம். றிம்மின் விளிம்பைக் கம்பித் தூரிகையால் உரஞ்சித் துருவும் பழைய றப்பரும் போகச் சுத்தம் செய்வான். கடற்காற்றில் இரும்பு றிம்முக்கு இது கட்டாயம். அந்தத் துருவின் வழியேதான் காற்றுக் கசியும். பிறகு சவர்க்காரத் தண்ணீரைச் சுற்றிவரத் தடவி, வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றை அடிப்பான். முதலில் ஒரு பக்கம் 'டொக்' என்று உட்காரும், கொஞ்சம் பிந்தி மற்றப் பக்கம். றிம்மை ஒட்டி ஓடுகிற மெல்லிய கோடு சுற்றிவர ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பான். இல்லையென்றால் காற்றை இறக்கி மறுபடி தொடங்குவான். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் நீங்கள் பாருங்கள். முதல் இரண்டும் செய்த வாரம், பின்னிரண்டும் வருடம். பூ நிறைய இருந்தாலும் பத்து வருடப் பழைய டயர் மணலில் மடியும்போது பக்கத்தில் வெடிப்பு விடும்.

சேற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மாரி வயலில் ஓல்-டெரெயின் டயரின் பூவுக்குள் களி அடைத்துவிட்டால் அது மொட்டை டயர்தான். அங்கே இரும்புச் சில்லுப் பூட்டிய லான்ட் மாஸ்டர் என்கிற இரு சில்லு உழவு மெசினுக்கே இடம். அப்படியானால் பெரிய கட்டையும் அகன்ற பள்ளமும் உள்ள சேற்று டயர் போடலாமே என்பார்கள். ஓட்டத்தில் பெரும்பங்கு எதில் என்று பாருங்கள்: வீதியில்தான். முன்பு திருகோணமலை வீதியில் வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று ஐந்து இடங்களில் படகுப்பாதைக்குக் காத்துக்கிடந்தோம். இறங்குதுறைச் சேற்றில் சில்லு வழுக்கும். 2009-இல் கிண்ணியாப் பாலமும், 2011-இல் பிரெஞ்சு உதவியோடு மற்ற நான்கும் திறந்தபின் அந்தப் பாடு போய்விட்டது. இன்று மட்டக்களப்புக்கும் மூதூருக்கும் காப்பெட் வீதியில் ஓடுகிறவனுக்குச் சேற்று டயர் இரைச்சலையும் எண்ணெய்ச் செலவையும்தான் தரும். 2022-இல் கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்று டீசல் வாங்கியவர்களுக்கு அந்தச் செலவின் கனம் தெரியும்.

கரையில் இன்னொன்றும் இருக்கிறது. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. 2004 சுனாமியில் கரையின் மணல் எப்படிப் போனது என்று பார்த்தவர்களுக்கு அந்தக் கொடியின் அருமை தெரியும். காற்று நிறைந்த டயரை இரையவிட்டுச் சுழற்றினால் கொடி வேரோடு அறுந்து வரும். அப்படி ஒருமுறை அறுத்த தடத்தில் அடுத்த வாடைக்காற்று மண்ணை வாரத் தொடங்கும். மேட்டின் மேல் ஏறாமல் மீனவர் போகிற தடத்தாலேயே இறங்குங்கள், ஈர மணலோடு ஓட்டுங்கள். வலை கிடக்கிற பக்கம் போகவே வேண்டாம்.

கடைசியாக ஸ்பெயார். காசு மிச்சம் என்று நான்கு டயர் வாங்கிவிட்டு, பழைய 776-ஐ அடியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் நிறைய. உயரம் வேறான ஒரு சில்லை மாட்டிக்கொண்டு தார் வீதியில் நான்கு சில்லுக்கும் இழுவை கொடுத்தால் கியர்ப்பெட்டி இறுகி முறுகும். கட்டுமுறிவிலிருந்து பொழுது படுகிற நேரம் திரும்புகையில், முன்சில்லு முள்ளேறிக் காற்றுப் போனால் கழற்றி மாட்டுவது அந்த ஸ்பெயாரைத்தான். ஐந்தாக வாங்குங்கள். வாங்குவதற்கு முன்னால் 803 உயரம் பெட்டிக்கு அடியில் உள்ள இடத்தில் ஏறுமா என்று ரேப்பை வைத்து அளந்து பாருங்கள்.