வந்த வழியே

தேயிலை மலையிலே பிறந்தவனுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், சுமக்கவும் தெரியும். துவிச்சக்கர வண்டி மட்டும் அவனுக்குப் பழக்கமில்லை. யாழ்ப்பாணத்துச் சமவெளியில் பள்ளிப் பிள்ளையும் பாட்டனாரும் ஒருங்கே ஏறிச் செல்லும் அந்த எளிய வாகனம், லயத்துப் படிகளிலும் மலையின் குறுக்குப் பாதைகளிலும் பயனற்றுப் போகிறது. ஆகவே, தலவாக்கலையில் எங்கள் சபையைச் சேர்ந்த பன்னிருவர் தலைமன்னார் வரையில் சைக்கிளிலே செல்லப்போகிறோம் என்று அறிவித்தபோது, ஊரார் சிரித்ததில் வியப்பொன்றும் இல்லை.

நோக்கம் நல்ல நோக்கமே. கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று அன்பர்கள் வாக்களிப்பார்கள். சேர்ந்த பணத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கிக் கொடுப்போம். ஹற்றன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டியை அடைந்து, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி கடந்து கடலைக் காண்பது எங்கள் திட்டம். தூரம் 300 கிலோமீற்றருக்கு மேல்.

ஆயத்தங்கள் தொடங்கின. இரவலாகவும் பழையதாகவும் பன்னிரண்டு வண்டிகள் சேர்ந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் பழகினோம். ஏற்றத்தை வெல்வதுதான் கடினமென்று எண்ணியிருந்தோம்; இறக்கம் அதனினும் கடினம் என்பதைப் பட்டணத்தில் சைக்கிள் திருத்துபவர் உணர்த்தினார். பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு நெடிய மலைப்பாதையில் இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடித்துவிடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். குளிரிலே வளர்ந்த உடம்பு தம்புள்ளைக்கு அப்பாலுள்ள வெயிலைத் தாங்காது. விடியுமுன் புறப்பட்டு, நடுப்பகலில் நிழலில் தங்க வேண்டும். இவற்றையெல்லாம் கற்றோம். கற்க வேண்டியது இன்னொன்று இருந்ததை மட்டும் அறியாதிருந்தோம்.

நிதி திரட்டுவதற்காக ஒரு சுவரொட்டி அச்சிட்டோம். லயத்து வாசலில் வெறுங்காலோடு நிற்கும் இரண்டு சிறுவர்களின் படம் அதிலே பெரிதாக இருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய மூதாட்டி ஒருவர் அதன் முன் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டார்:

“ஏந்தம்பி, எங்க தாத்தன் பூட்டன் நடந்து வந்த ரோட்டுல நீங்க சைக்கிள்ல போறீங்க. நல்லா போயிட்டு வாங்க. ஆனா எங்க புள்ளைக காலக் காட்டித்தான் காசு கேக்கணுமா?”

எங்களிடம் விடை இல்லை. இடக்கை அறியாமல் வலக்கை கொடுக்க வேண்டுமென்று தேவாலயத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நாங்களோ பிறருடைய வறுமையைச் சுவரிலே ஒட்டியிருந்தோம்.

அவர் சொன்ன பாதை எது? கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழைகள் காடு கடந்து மாத்தளைக்கு நடந்த பாதை அது. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். மலையகத் தமிழர் வரலாற்றின் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஒன்று, ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதற்குத் துணைநின்றது. அங்கே நடந்தவர்கள் உண்டியல் ஏந்தவில்லை. நிலமும் வீடும் நியாயமான கூலியும் சமமான குடியுரிமையும் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த ஒரு மக்கள் கூட்டம் வேறெதைக் கேட்கும்?

அன்றிரவு சபை மண்டபத்தில் வாதம் நிகழ்ந்தது. “படமில்லாவிட்டால் யார் மனம் இரங்கும்?” என்றார் ஒருவர். “இரக்கத்தையா நாம் தேடுகிறோம்?” என்றார் மற்றொருவர். ஈற்றில் சுவரொட்டிகளைக் கிழித்தோம். புதியதிலே பாதையின் வரைபடத்தை மட்டும் அச்சிட்டோம். இரவு தங்கும் ஒவ்வோர் ஊரிலும், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தாய் தன் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்க இயலாதிருப்பது ஏன் என்பதையும் எடுத்துரைப்பதென்று முடிவு செய்தோம்.

இதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. பெருந்தொகை தருவதாக வாக்களித்திருந்த ஒருவர், “சப்பாத்துக்குத் தருவேன்; அரசியலுக்குத் தரமாட்டேன்” என்று பின்வாங்கிவிட்டார். எதிர்பார்த்ததில் பாதி கூடச் சேருமா என்பது ஐயமே. அத்தனை பிள்ளைகளுக்கும் கொடுக்க இயலாமற் போகலாம். அந்த இழப்பு எங்களுடையதன்று, அந்தப் பிள்ளைகளுடையது என்ற எண்ணம் நெஞ்சை உறுத்தாமல் இல்லை. ஆயினும், சப்பாத்தை அணிவித்துவிட்டுத் தலையைக் குனியவைக்கும் தருமம் தருமமாகுமா?

நாளை விடியுமுன் புறப்படுகிறோம். போதகர் ஜெபம் செய்தார். மாரியம்மன் கோவிலில் சிலர் எங்கள் நெற்றியில் திருநீறு இட்டனர். இரண்டையும் ஏற்றோம். முன்னோர் கடலிலிருந்து மலைக்கு ஏறினார்கள். நாங்கள் மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிறோம். கொண்டுவரும் சப்பாத்து ஓராண்டில் தேய்ந்துவிடும். அதற்குள், அடுத்த சோடியைத் தன் தாயின் சம்பளத்திலே வாங்கும் நிலை அந்தப் பிள்ளைக்கு வரவேண்டும். அதுவரையில் எங்கள் பயணம் முடிந்ததாகாது.