இன்ஜினா... கிளட்சா?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டபோது ‘நட்பு’, ‘காலம் பொன் போன்றது’ இரண்டையும் நாலைந்து பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே சமாசாரத்தை எழுதுகிறேன். பழைய கியர் வண்டியில் கிளட்ச் தேய்ந்திருக்கிறதா என்று கழற்றாமலே எப்படிக் கண்டுபிடிப்பது? ‘இதென்னப்பா, ஐந்து மார்க் கேள்வி’ என்பீர்கள். எங்கள் வீட்டில் அது ரூ. 22,000 கேள்வியாக வந்து நின்றது.

என் தாய்மாமாவிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன கார். ஆனால் ஆம்பூர் பஜாரில் அதற்கு இன்னும் வயசாகவில்லை. மாமா அதில் ஷூ சோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவார். பின் சீட்டைக் கழற்றியே பல வருஷம் ஆகிறது.

ஒரு நாள் ஏலகிரிக்குப் போனார். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறுவதற்குள் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வழியில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டியிருக்கிறார். “இன்ஜின் வீக். ரிங் போச்சு. இறக்கி வேலை பார்த்தால் ரூ. 22,000” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினார். அம்மாவின் செயின் என் முதலாமாண்டு பீஸுக்காக அடகுக் கடையில் இருந்து, போன பொங்கலுக்குத்தான் கழுத்துக்குத் திரும்பியது. ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து மாதாமாதம் மிச்சம் பிடித்து மீட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பி வண்டி ஓடவில்லை என்றால் அவன் குடும்பத்துக்கு என்ன வழி?

“மாமா, ரேஸ் பண்ணா இன்ஜின் சத்தம் ஏறுதா?” என்று கேட்டேன்.

“சத்தமா? காது கிழியுது மாப்ளே. வண்டிதான் நகரல.”

இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் முடிந்தது நண்பர்களே. இன்ஜின் வீக் என்றால் சத்தமும் ஏறாது, வேகமும் ஏறாது. இரண்டும் சேர்ந்தே சோம்பும். சத்தம் மட்டும் ஏறி வேகம் அங்கேயே நின்றால், இன்ஜின் கொடுக்கிற சக்தி நடுவில் எங்கோ வழுக்கிப் போகிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் ஆர்.பி.எம். காட்டும் மீட்டர் கிடையாது. நம் காதுதான் மீட்டர்.

நான் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பைபாஸ் பக்கம் ஒரு பாய் ஷெட்டில் வேலை செய்கிறேன். வண்டியை அங்கே கொண்டுபோனோம். பாய் என்னைப் பார்த்து, “நீதானே டிப்ளமோ? நீயே சொல்லு, இன்னா பிரச்சனை?” என்றார். மாமா பக்கத்தில் நிற்கிறார். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

முதலில் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். டாப் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் சத்தம் ‘ஙொய்ய்’ என்று எகிறியது. முள் நாற்பதிலேயே நின்றது. அடுத்து நின்ற இடத்தில் சோதனை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கும் மிதித்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். இது அணையவில்லை. கருகின வாடை மட்டும் வந்தது. (இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், இருக்கிற பிளேட்டும் போய்விடும்.)

இதோடு ‘பிளேட் போச்சு’ என்று முடிவு கட்டக்கூடாது. வழுக்குவதற்கு வேறு காரணமும் உண்டு. மாருதி 800இல் கிளட்ச் கேபிள்தான். பெடலை விரலால் அழுத்தினால் முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் சும்மா போக வேண்டும். பிளேட் தேயத் தேய, டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங் பக்கம் தள்ளிக்கொண்டே வரும். அந்த ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போகும். அது பூஜ்யமானால் நாம் கால் வைக்காமலே பேரிங் அழுத்திக்கொண்டிருக்கும், கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. மாமா வண்டியில் ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லை. கேபிள் நட்டைத் தளர்த்தி சரி செய்து ஓட்டினோம். அப்போதும் ஸ்லிப். கியர்பாக்ஸ் அடியில் கை வைத்துப் பார்த்தேன், ஆயில் கசிவு இல்லை. ஆயில் பட்டு வழுக்கவில்லை என்பதும் தெளிவு. சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. பாய் கம்ப்ரஷன் கேஜ் வைத்தார். மூன்று சிலிண்டரும் ஒத்து நின்றன.

“பிளேட்தான் பாய்” என்றேன்.

“கியர்பாக்ஸ இறக்கு” என்றார். அவ்வளவுதான்.

இறக்கினோம். ரிவெட் தலை ஃபேசிங்குக்குள்ளே குறைந்தது அரை மில்லிமீட்டராவது பதிந்திருக்க வேண்டும். இங்கே ரிவெட்டும் ஃபேசிங்கும் ஒரே மட்டம். ஃபிளைவீலில் சூட்டில் நீலத் திட்டுகள். பாய் தூசியை ஏர் கம்ப்ரஸரில் ஊத விடவில்லை, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய ஃபேசிங்கில் கல்நார் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 5,000க்குள் முடிந்தது. மாமா பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர். பாய் அதற்குத் தனியாக ஒரு பாட்டு விட்டார், அதை இங்கே எழுத முடியாது!

டிசைன் பேப்பரில் நாம் படிப்பதும் இதுதான். உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க். புது கிளட்சுக்கு சீரான அழுத்தம், ஓடித் தேய்ந்ததற்கு சீரான தேய்மானம் என்று இரண்டு கணக்கு ஏன் போடுகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேய்மானக் கணக்கில் டார்க் குறைவாக வரும், டிசைனுக்கு அதை எடுப்பதுதான் பத்திரம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆரம்ப காலக் கார்களில் கோன் கிளட்சுக்குத் தோலைத்தான் ஒட்டினார்கள். லைப்ரரிப் புத்தகத்தில் படித்ததை அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர். என் படிப்பைப் பற்றி இதுவரை ‘பாஸா?’ என்பதற்கு மேல் கேட்டதில்லை. அன்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு, “தோலா? காஞ்சா விறைச்சுக்கும், வெடுக்குனு பிடிக்கும். எண்ணெய் அதிகமானா வழுக்கும். என்னா பண்ணாங்க?” என்றார்.

“விறைச்சா விளக்கெண்ணெய் தடவுவாங்க. வழுக்குனா முல்தானி மட்டி தூவுவாங்கப்பா.”

“சரிதான், அப்படித்தான் பண்ணணும்” என்றார், அந்தக் காலத்து டிரைவர்களுக்கு அனுமதி கொடுப்பதுபோல. பிறகு புது பிளேட்டில் தோலுக்குப் பதில் என்ன வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள், எவ்வளவு சூடு தாங்கும் என்று பதினொன்றரை மணி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவின் பழைய பிளேட் என்னிடம்தான் இருக்கிறது. ஜூனியர்கள் யாராவது வெர்னியர் வைத்து அளந்து பார்க்க விரும்பினால் ஆட்டோ லேப் பக்கம் வந்து கேளுங்கள், தருகிறேன்.